தோல் உறை போட்ட பாட்டு

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பிள்ளை போன் செய்தான். பழைய ராக் பேண்டுகளின் கேசட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறானாம். ஆம்பூரில் ஒரு பேண்ட் இருந்ததாமே, தோல் உறை போட்டு ஒரு ஆல்பம் வந்ததாமே, ஆன்ட்டியிடம் ஒரு காப்பி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். வேறு யாரிடமாவது இருக்குமா என்றான். யாரிடமும் இருக்காது என்றேன். ஏன் என்று கேட்டான் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல் வந்தது. அதைப் போனில் இரண்டு வரியில் சொல்ல முடியுமா? அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொல்கிறேன். பென்சிலை விட்டுக் கேசட் சுற்றிய கதையை நான் எழுதப் போவதில்லை. அது வாட்ஸ்அப்பில் தினம் ஒருவர் அனுப்புகிறார், சலித்துப் போய்விட்டது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு லெந்துக் காலத்தைப் பற்றி. ஈஸ்டருக்கு முன்னால் நாம் உபவாசம் இருந்து, பூ வைக்காமல், சினிமாவுக்குப் போகாமல் கழிப்போமே, அந்த நாட்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஆல்பத்தில் பாடியது என் அம்மா.

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் வேலை. எங்கள் வீடு மாதனூர் பக்கம். காலையில் கம்பெனி பஸ் வரும், அம்மா அதில்தான் போவாள். டிரைவர் நல்ல மனிதர், பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய் ஸ்கூல் வாசலில் இறக்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மா சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசை. அவள் பாட ஆரம்பித்தால் பின்வரிசைப் பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். நான் பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளது அது.

அந்த வருடம் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. முதலில் புளியங்கொட்டை அளவு, பிறகு எலுமிச்சம்பழம் அளவு. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். என்னை வீட்டில் விட ஆள் இல்லாததால் நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். பேசுகிற நரம்பு அந்தக் கட்டியோடு ஒட்டிக் கிடக்கிறது. ஜாக்கிரதையாகத்தான் எடுப்போம், ஆனால் குரல் பழையபடி வரும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அதுவரைக்கும் தொண்டைக்கு வேலை கொடுக்க வேண்டாம். ஈஸ்டர் முடிந்த வாரத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பள்ளிகொண்டா தாண்டியதும் கூட வந்திருந்த மாமா அம்மா பக்கம் குனிந்தார்.

"அக்கா, கேசட் போட்டுடலாம். நீ பாடு."

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தோல் பதனிடும் ஒரு டேனரியில் கலர் அடிக்கும் பிரிவில் வேலை, நகத்தில் எப்போதும் பழுப்பு ஒட்டியிருக்கும். வேலை போக மற்ற நேரமெல்லாம் கிட்டார். அவரும், இன்னொரு டேனரி முதலாளியின் மகனான டிரம்ஸ் பாயும், பேஸ் வாசிக்கும் ஒரு நெட்டைக்காரரும் சேர்ந்து ராக் பேண்ட் வைத்திருந்தார்கள். ஊர் அதை ஆர்கெஸ்ட்ரா என்று சொல்லும், மாமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆர்கெஸ்ட்ரா சினிமாப் பாட்டு வாசிக்கும், கல்யாணத்துக்குப் போகும். இவர்கள் செத்தாலும் சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டார்கள். அதனால் யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். பாட்டெல்லாம் தாங்களே எழுதியது. மாமாதான் பாடுவார், தகரத்தில் ஆணியால் கீறுகிற குரல். அந்தப் பாட்டுகளில் பாதிக்கு மெட்டைச் சரி செய்தது சாம்பார் தாளித்துக்கொண்டிருந்த என் அம்மா என்பது பேண்டுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அப்பாவுக்குச் சொன்னபோது வீடு ரெண்டுபட்டது. அப்பா மிஷன் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார், சர்ச் கமிட்டியில் மெம்பர். சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் போட்டார். பாடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கும்போது, அதுவும் லெந்து நாளில், தம்பியோடு சேர்ந்து கூத்தடிப்பதா என்று கேட்டார். கடைசியில் அவருக்கே மூச்சு வாங்கியது.

"உசுரு முக்கியமா, கேசட்டு முக்கியமா? அத மட்டும் சொல்லு."

"ரெண்டும் ஒரே கழுத்துலதாங்க இருக்குது," என்றாள் அம்மா.

அதற்குமேல் அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மாவிடமும் அதிகம் பேசவில்லை. காபி வேண்டுமா என்பதைக்கூட என் வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். நடுவில் நின்று நான்தான் பேஜாரானேன்.

மெட்ராஸ் ஸ்டுடியோ நமக்குக் கட்டுப்படியாகாது என்று ஆனபோது டிரம்ஸ் பாயின் அப்பா, நாங்கள் பெரிய பாய் என்று கூப்பிடுவோம், தன் தோல் கிடங்கைக் கொடுத்தார். அதைப் போன்ற ஸ்டுடியோவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சுவர் தெரியாமல் நாலு பக்கமும் தயாரான தோல்களைத் தொங்கவிட்டார்கள். மேலேயும் கயிறு கட்டித் தோல். உள்ளே போய்க் கை தட்டினால் சத்தம் அங்கேயே செத்துவிடும். எனக்குக் காது அடைத்தது போல் இருக்கும். வாசனை உங்களுக்குத் தெரியும், நாம் எல்லாரும் அதிலேயே வளர்ந்தவர்கள். மெட்ராஸிலிருந்து மெஷினோடு வந்த ரெக்கார்டிங்காரருக்குத்தான் தாங்கவில்லை, மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டே வேலை பார்த்தார்.

ஆனால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கிடங்குக்குப் பக்கத்திலேயே தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மரப் பீப்பாய்கள். அவை ஓடினால் தரையே அதிரும், மெஷினில் கடகடவென்று பதிவாகும். டேனரிக்கு வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து பெரிய பாய் சாவி கொடுத்தனுப்புவார். அதிலிருந்து சாயங்கால பாங்கு சொல்லும் வரைக்கும்தான் நேரம். பாங்கு கேட்டால் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அம்மாவின் கம்பெனிக்கோ விடுமுறை ஞாயிறு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் லைனை விட்டு எழுந்து வரவேண்டும். சூப்பர்வைசர் முதல் வாரம் பெர்மிஷன் கொடுத்தார், இரண்டாம் வாரம் முறைத்தார், மூன்றாம் வாரம் டார்கெட் குறைந்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றார். லைனில் இருந்த மற்ற பெண்கள் அவளை விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவின் பங்கையும் தாங்களே பிரித்துத் தைத்துத் தள்ளினார்கள்.

நான் ஸ்கூல் விட்டு நேராகக் கிடங்குக்கு ஓடுவேன். ஃபேன் சத்தம் பதிவாகும் என்று ஃபேன் கிடையாது. மார்ச் மாதத்து வேலூர் வெயில், தகரக் கூரை, சுற்றிலும் தோல். அம்மா புடவைத் தலைப்பால் கழுத்தைச் சுற்றிக்கொண்டு நிற்பாள், கட்டி தெரியக் கூடாது என்று. பாட்டுக்கு நடுவே மிளகு போட்ட பால் ஒரு வாய். ஒவ்வொரு பாட்டாக ஏறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வாரமும் அவள் குரல் மட்டும் கொஞ்சம் கம்மியாகிக்கொண்டே வந்தது. முதல் வாரம் ஒரே தடவையில் முடிந்தது, பிறகு திரும்பத் திரும்பப் பாட வேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பாதிப் பாட்டில் குரல் அடியோடு நின்றுவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. மாமா கிட்டாரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். வெகுநேரம் கழித்து அம்மா தொண்டையைக் கனைத்து, அரிசியில் கல் இருக்கிறது என்று சொல்வது போல சாதாரணமாக, "இன்னிக்குப் போதும்," என்றாள்.

கடைசியில் ஒரே ஒரு பாட்டு மிச்சம். வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளி வைத்த பாட்டு. தையல் ஹாலில் மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் கூப்பிட்டாலும் காதில் விழாது. அதை வைத்து அம்மாவே கட்டியது. "மிஷின் ஓடுது, சத்தமா கூப்பிடு" என்று வரும். கடைசிக் "கூப்பிடு" மேலே போய், இன்னும் மேலே போய் அங்கேயே நிற்கும். அதைப் பாடுவதற்கு முழுத் தொண்டையும் வேண்டும். டாக்டர் கூடாது என்று சொன்னதும் அதைத்தான். மிச்சம் இருந்த வெள்ளிக்கிழமையும் ஒன்றே ஒன்றுதான். அது பெரிய வெள்ளி.

உங்களில் சர்ச்சுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், பெரிய வெள்ளியன்று மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்மணி ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. தாகமாயிருக்கிறேன் என்ற வார்த்தைக்கு அம்மாதான் தனியாகப் பாடுவாள், கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அது அவளுடையது. சர்ச்சில் அதைப் பாடிவிட்டு, அதே தொண்டையோடு சாயங்காலம் கிடங்கில் அந்த மேல் "கூப்பிடு"வை எட்ட முடியாது. இது அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும். எனக்கே தெரியும். அந்த வாரம் முழுக்க நான் வயிற்று வலி என்று சொல்லி ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பெரிய வெள்ளியன்று அம்மா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பாடகர் வரிசையில் போய் நின்றாள். ஐந்தாம் வார்த்தைக்குப் பாஸ்டர் பேசி முடித்தார். ஆர்மோனியம் ஆரம்பித்தது. அம்மா எழுந்து நின்றாள். ஆர்மோனியம் சுற்றி வந்து திரும்ப முதலிலிருந்து வாசித்தது. அம்மா வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். சர்ச் முழுக்கப் புரிந்துவிட்டது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்: ஐயோ, இவளுக்குக் குரல் போய்விட்டது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி விம்மினாள், பிறகு வரிசை வரிசையாக விம்மல். அன்றைக்கு அந்த வார்த்தைக்கு அதைவிடப் பெரிய பாட்டு இல்லை என்று பாஸ்டரே ஜெபத்தில் சொன்னார். ஆண்கள் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். என் அப்பா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் அம்மா யாரிடமும் நிற்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கிடங்கில் எல்லாம் தயாராக இருந்தது. மாமா அந்த மேல் சுரம் வேண்டாம், கீழேயே பாடிவிடு, யாருக்கும் தெரியாது என்று கெஞ்சினார். எனக்குத் தெரியும் என்றாள் அம்மா. சர்ச்சை விட்டு வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

முதல் தடவை பாதியில் கரண்ட் போய்விட்டது. இருட்டுக் கிடங்கில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தோம். அம்மா பாலைக்கூடத் தொடவில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டே போனது. டிரம்ஸ் பாய் கதவை லேசாகத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து மூடினார். கரண்ட் வந்தபோது ஒரே ஒரு தடவைக்குத்தான் நேரம் இருந்தது. ரெக்கார்டிங்காரர் கையைக் காட்டினார். டிரம்ஸ் விழுந்தது, கிட்டார் சீறியது. அம்மா பாடினாள். கடைசிக் "கூப்பிடு" வந்தபோது புடவைத் தலைப்பு நழுவி, கட்டி வெளியே தெரிய, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நிற்க, அவள் அந்த இடத்துக்குப் போய்விட்டாள். போய், நின்றாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன், பயத்தில். ஆனாலும் கேட்டேன். என் ஆயுசுக்கும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அவள் நிறுத்தி மூச்சு வாங்கும்போது மசூதியில் பாங்கு ஆரம்பித்தது.

ஒரு தடவை கேட்கலாமா என்று அம்மா கேட்டாள். முந்தைய பாட்டுகளையெல்லாம் உடனே காதில் மாட்டிக் கேட்பாள். ரெக்கார்டிங்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டே, ட்ரெய்ன் போய்விடும், கேசட்டாக வரும்போது நிம்மதியாகக் கேளுங்கம்மா என்றார்.

ஈஸ்டருக்குள் விஷயம் சர்ச்சுக்கு எட்டிவிட்டது. சாமிக்குப் பாட வராத குரல் தோல் கிடங்கில் கிட்டாருக்கு வந்ததா என்று கேட்டார்கள். பாடகர் குழுவிலிருந்து அம்மாவின் பெயரை எடுத்தார்கள். அப்பா கமிட்டியை விட்டு வந்துவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, அவருக்கு அங்கே உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் எதிரில் நின்றார்.

"ஜனங்க உனக்காக அழுதாங்க. நானும் அழுதேன்."

"பாத்தேங்க."

"பாத்துட்டும் வாயத் தொறக்கல."

தம்பிக்காகத் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று அப்பா நினைத்தார், பல வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அன்றைக்கு அம்மா மேல் கோபம்தான். எனக்கு வயதான பிறகுதான் வேறு மாதிரி படுகிறது. கிடங்கில் அந்த மூன்று பேருக்குப் பக்கத்தில் நின்று அவள் தனக்காக ஒன்று செய்துகொண்டாள். பெண்டாட்டி தனக்காக ஒன்று செய்துகொள்வாள் என்பது அப்பாவின் கணக்கிலேயே இல்லை. அவர் கெட்டவர் இல்லை. ஆபரேஷன் அன்றைக்குக் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

அம்மா பிழைத்தாள். கட்டி முழுக்க நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது, டாக்டர் தன்னால் ஆனமட்டும் பார்த்தார். கட்டு பிரித்த பிறகு அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தோலில் அரம் போட்டுத் தேய்ப்பது போல ஒரு சத்தம் வந்தது. நான் அழுதுவிட்டேன். அதன் பிறகு அவள் ரொம்ப நாள் யாரையும் கூப்பிடவில்லை, கையைத் தட்டித்தான் கூப்பிடுவாள்.

இப்போது உறைக்கு வருகிறேன். நம் ஊர் வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் முதலில் அதற்குத் தோலில் ஒரு உறை. ரேடியோவுக்கு உறை, பைபிளுக்கு உறை, கத்தரிக்கோலுக்கு, கண்ணாடிக்கு, டார்ச் லைட்டுக்கு. எது பத்திரமாக இருக்கவேண்டுமோ அதைத் தோலுக்குள் வை, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். மெட்ராஸிலிருந்து கேசட்டுகள் பெட்டி பெட்டியாக வந்ததும் மாமா அட்டைப் படம் வேண்டாம், உறைதான் என்றார். பெரிய பாய் துண்டுத் தோலெல்லாம் கொடுத்தார். அம்மா லீவில் இருந்தாள், பேச முடியாது, கை சும்மா இருக்காது. மாமா ஷூவுக்குப் போடும் சொல்யூஷனைத் தடவி ஒட்டுவார், அம்மா ஓரம் தைப்பாள், நான் கேசட்டை உள்ளே வைத்துப் பட்டனை அழுத்துவேன். வீடெல்லாம் சொல்யூஷன் வாடை. உறை இல்லாமல் ஒரு கேசட்கூட வெளியே போகக் கூடாது, அது நம் ஊர் கௌரவம். முதல் பதிவான மாஸ்டர் கேசட்டுக்கு மட்டும் பெரிய பாய் தன் கையால் ஒரு உயர்ந்த தோலை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதற்கு இரட்டைத் தையல் போட்டாள். மாமா இரண்டு பூச்சு சொல்யூஷன் போட்டு, காற்றுப் புகாதபடி மூடி செய்தார். அம்மா அதைப் பீரோவில் வைத்தாள். கேட்கவில்லையா என்று நான் கேட்டேன். குரல் கொஞ்சம் தேறட்டும், அப்புறம் கேட்கிறேன் என்று சைகை காட்டினாள்.

ஆல்பம் வந்த புதிதில் என்ன வரவேற்பு தெரியுமா! சர்ச்சில் அதைத் தொடக் கூடாது என்றார்கள், அதனாலேயே வாலிபர் சங்கத்துப் பையன்கள் எல்லாரும் வாங்கினார்கள். பஜார் கேசட் கடைக்காரர் வாசலில் ஸ்பீக்கர் வைத்துப் போட்டார். மெட்ராஸ் இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் நாலு வரி வந்தது, கிட்டாரைப் புகழ்ந்திருந்தார்கள், பாடிய குரல் பயிற்சி இல்லாத குரல் என்று எழுதியிருந்தார்கள். மாமா அதைக் கிழித்து அடுப்பில் போட்டார். ஆனால் எல்லாவற்றையும்விட, கம்பெனி பஸ் டிரைவர் காலையிலும் மாலையிலும் அதைத்தான் ஓட்டினார். லைனில் அம்மாவின் பங்கைத் தைத்துத் தந்த பெண்கள் போகவும் வரவும் அதைக் கேட்டார்கள். அம்மா லீவில் இருந்ததால் அவளுக்கு அந்தப் பஸ் கிடைக்கவில்லை.

மே மாதம் நடுவில் டிரைவர் வீட்டுக்கு வந்து மாமாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார், பாட்டு இழுக்கிறது என்று. பிறகு கடைக்காரர் ஒரு பை நிறையத் திருப்பி அனுப்பினார். எல்லாம் ஒரே நோய். கேசட்டின் கண்ணாடி பால் படிந்தது போல மங்கி, உள்ளே நாடா ஒன்றோடொன்று பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. பின்னாளில் நானே ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் வேலை பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. சொல்யூஷன் காற்றில் நன்றாக ஆறவேண்டும். ஷூ வாயைத் திறந்துகொண்டிருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. நாங்கள் ஈரம் ஆறுமுன் மூடி பட்டன் போட்டோம். உள்ளே அடைபட்ட அந்த ஆவி, அந்த வெயிலில், பிளாஸ்டிக்கையும் நாடாவையும் தின்றுவிட்டது.

மாமா பீரோவிலிருந்து மாஸ்டரை எடுத்து மூடியைப் பிரித்தார். அத்தனை வாரம் கழித்தும் வாடை குப்பென்று அடித்தது. எல்லாவற்றிலும் அதுதான் ரொம்ப மோசம், அதைத்தானே ரொம்ப நன்றாக மூடியிருந்தோம். மாமா அடுத்த ட்ரெய்னைப் பிடித்து மெட்ராஸ் ஓடினார். ரெக்கார்டிங்காரர் தன்னிடம் இருந்த டேப்பை அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்திவிட்டிருந்தார், அப்போதெல்லாம் எல்லாரும் அப்படித்தான். திரும்பி வந்த மாமா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நானே கொன்னுட்டேன்."

அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரம் போட்ட அந்தக் குரலில், ஒவ்வொரு சொல்லாக, "தச்சது நான்தானேடா," என்றாள். அப்பா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அம்மா அன்றைக்குப் பீரோவை மூடியவள், பாட்டைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. ரேடியோவில் பாட்டு வந்தாலும் எழுந்து போய்விடுவாள். அவளுடைய கடைசிப் பாட்டை ஊரே கேட்டது, அவள் மட்டும் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஸ்கூல் திறந்த அன்றைக்கு அம்மாவும் வேலைக்குத் திரும்பினாள். பஸ்ஸில் ஏறியதும் பெண்கள் எழுந்து ஜன்னலோர சீட் கொடுத்தார்கள். யாரும் குரலைப் பற்றிக் கேட்கவில்லை. மாதனூர் தாண்டியதும் அவர்களுக்குள் ஏதோ கண் ஜாடை. பின்சீட்டில் ஒருத்தி ஆரம்பித்தாள், "மிஷின் ஓடுது..." என்று. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு பாட்டும் மனப்பாடம். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கை என் தொடையை இறுக்கிப் பிடித்தது, வலித்தது. டிரைவரிடம் சொல்லி நிறுத்தச் சொல்லலாமா என்று நான் எழப் போனேன்.

கடைசி "கூப்பிடு" வந்தது. அதை அவர்கள் மேலே கொண்டுபோகவில்லை. பஸ்ஸில் கெட்டுப்போய் ஓடிய கேசட் எப்படி இழுத்ததோ அப்படியே, மெதுவாக்கி, கீழே கீழே இறக்கி, மாட்டுவண்டி பள்ளத்தில் இறங்குவது போலக் கொண்டுபோய் முடித்தார்கள். எல்லாரும் ஒன்றுபோல. கடைசி வாரங்களில் அப்படியே கேட்டுக் கேட்டு, அவர்களுக்கு அதுதான் பாட்டு.

அம்மா சட்டென்று திரும்பினாள்.

"அப்பிடி இல்ல," என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் பஸ்ஸே அடங்கியது. "இறங்கக் கூடாது. மேல போவணும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி பாடினார்கள், மறுபடியும் கீழேதான் போனது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு சுரம்கூட எடுக்காதவள், ஓடுகிற பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து பாடினாள். கரகரவென்று, காற்றும் சத்தமுமாக வந்தது. மேலே ஏறும்போது குரல் இரண்டாகப் பிளந்து, ஒரு கணம் இல்லாமலே போய், பிறகு அந்தப் பக்கம் வந்து நின்றது.

முன்சீட்டில் ஒரு சின்னப் பெண், லைனுக்குப் புதிதாக வந்தவள், அதை அப்படியே பிடித்துக்கொண்டு பாடினாள். மேலே போனாள், நடுவில் அம்மாவுக்கு உடைந்த அதே இடத்தில் தன் குரலையும் உடைத்துக் காட்டினாள்.

அம்மா அவள் தோளில் கை வைத்தாள்.

"அது பாட்டுல இல்லடி. அது என்னுது," என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பாடிக் காட்டினாள்.